பழைய காரில் ஒழுகலும் துருவும்: எங்கே நனைகிறது, எதனால் நனைகிறது

என் கார் 2003ஆம் வருடத்து வண்டி, சின்ன ஹேட்ச்பேக். திருவான்மியூரில் கடலிலிருந்து ஆறு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஷெட் கிடையாது. தினமும் ஆபீஸுக்கு ஓடுகிறது. கடற்காற்று ஒரு பக்கம் என்றால், உப்பு ஏறிய போர் தண்ணீரில் தினமும் கழுவுவது இன்னொரு பக்கம். துருப்பிடிக்க இதைவிட நல்ல சூழல் அமையாது.

முதல் தடவை உள்ளே தண்ணீர் வந்தபோது நான் செய்தது, எல்லாரும் செய்வதுதான். ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிகான் டியூப் வாங்கி, கண்ணில் பட்ட இடுக்கு, ஓட்டை எல்லாவற்றையும் அடைத்தேன். அடுத்த மழையில் இரண்டு மடங்கு தண்ணீர் வந்தது. டிங்கரிங் பட்டறை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“யார் சார் இதை அடைச்சது?”

“நான்தாண்ணே.”

“நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க. வந்த தண்ணி எந்த வழியா வெளிய போகும்?”

காரின் உடம்பு தண்ணீரை முழுசாகத் தடுக்கிற டப்பா இல்லை. கதவுக்குள், வைப்பருக்குக் கீழே, ரன்னிங் போர்டுக்குள் (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் உள்குழித் தகடு) என்று பல இடங்களில் தண்ணீர் நுழையத்தான் செய்யும். அது வெளியேற வழி வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அந்த வழி குப்பையால் அடைபட்டால் தண்ணீர் வண்டிக்குள் வரும், அல்லது அங்கேயே தேங்கித் தகட்டைத் தின்னும். ஆகவே ஒழுகலைத் தேடும்போது தண்ணீர் நுழைகிற ஓட்டையை அப்புறம் தேடலாம். அடைபட்ட வடிகாலை முதலில் தேடுங்கள். அதற்குத் தேவையான முக்கியக் கருவி தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சி. கம்பியைப் போலப் பெயின்டைக் கீறாது.

எதையும் கழற்றும் முன்

ஒரு வாரம் கவனியுங்கள். மழையே இல்லாமல் நனைகிறதா, நின்றிருக்கும்போது பெய்த மழையில் நனைகிறதா, ஓடும்போது மட்டுமா, தேங்கிய தண்ணீரில் இறங்கினால் மட்டுமா? இந்த நான்கில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நனைந்த இடத்தை மட்டும் நம்பாதீர்கள். தரை சரிந்த பக்கம் தண்ணீர் ஓடும். பின்சீட்டுக்கு முன்னால் தேங்குகிற தண்ணீர் முன்கண்ணாடி வழியாக வந்ததாக இருக்கலாம்.

தண்ணீர் ஊற்றிச் சோதிக்கிறபோது ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் சாதாரண ஹோஸ் பைப்பால், கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே போக வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் ஐந்து நிமிடம். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும். எந்த இடம் ஒழுகுகிறது என்று தெரியாது. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷ் வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டிப் போகும். உள்ளே சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவி வைத்தால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

மழையே இல்லை, இடது முன் காலடி ஈரம்

ஏசி போட்ட நாளில் மட்டும் ஈரமா? அப்படியென்றால் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது. சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்ந்துவிடும். அது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டைத் துளைத்துக்கொண்டு வரும் சின்ன ரப்பர் குழாய் வழியாகச் சாலையில் சொட்ட வேண்டும். ஏசியை அரை மணி ஓட விட்டுக் கீழே குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் அந்தக் குழாயைத் தேடி, ஈர்க்கை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் நுழைத்துச் சுழற்றுங்கள். சகதியோடு தண்ணீர் கொட்டும். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்க வேண்டாம். உள்ளே குழாய் கழன்றுகொண்டால் டேஷ்போர்டு வரை பிரிக்க வேண்டி வரும்.

ஈரம் பிசுபிசுக்கிறதா, லேசாக இனிப்பு வாசனை வருகிறதா, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசினதுபோல மங்குகிறதா? அது தண்ணீர் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரோ அதன் இணைப்போ கசிகிறது. ரேடியேட்டரில் அதன் அளவும் குறைந்துகொண்டே வரும், கவனிக்காவிட்டால் எஞ்சின் சூடேறிவிடும். எங்கள் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால், ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிவிடுவது வழக்கம். ஊட்டிக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

மழை பெய்தால் முன் காலடி ஈரம்

வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சல்லடையைத் திறந்து பாருங்கள். நான் திறந்தபோது உள்ளே ஒரு தொட்டி நிறைய வேப்பஞ்சருகும் பூவும் கறுப்பு எருவாக மக்கிக் கிடந்தன, செடி வைக்கலாம் போல. கண்ணாடியில் விழும் மழையெல்லாம் இந்தத் தொட்டியில்தான் இறங்கி, இரண்டு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாக முன்சக்கரத்துக்குப் பின்னால் வடிய வேண்டும். கேபினுக்குக் காற்று இழுக்கும் வாயும் அதே தொட்டியில் கொஞ்சம் மேலே இருக்கிறது. துளை அடைத்தால் தண்ணீர் மட்டம் அந்த வாய் வரை ஏறி, ப்ளோயர் வழியாக உங்கள் காலில் ஊற்றும். ப்ளோயர் மோட்டார் கீச்சிடுகிறது என்றால் அது ஏற்கெனவே நனைந்துவிட்டது.

குப்பையைக் கையால் அள்ளுங்கள், தண்ணீர் அடித்துத் தள்ளாதீர்கள். தள்ளினால் அது மட்கார்டுக்குள் போய் ரன்னிங் போர்டின் முன்முனையில் ஈரச் சேறாகத் தங்கும். அங்கே வருகிற துரு வெளியே தெரிவதற்குள் தகடு போயிருக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி அந்த மூலையையும் சுத்தம் செய்யுங்கள்.

தொட்டி சுத்தமாக இருந்தும் நனைகிறது என்றால் அடுத்து ரப்பர் புஷ்கள். கிளட்ச் கேபிள், பானெட் கேபிள், ஒயர்கள் எல்லாம் தகட்டைத் துளைத்து உள்ளே வருகிற இடங்களில் இவை இருக்கும். ஹாரனோ ஸ்டீரியோவோ மாட்டினவர் ஒயர் இழுக்கப் புதுத் துளை போட்டு, புஷ் வைக்காமல் விட்டிருப்பார். அதற்கும் பிறகுதான் முன்கண்ணாடியைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் எல்லாரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான்.

கதவை ஆட்டினால் ‘சளக்’ சத்தம். பின்சீட் காலடி ஈரம்

இரண்டும் ஒரே கதவின் இரண்டு நோய்கள். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது இயல்பு. கதவின் அடிவிளிம்பில் இருக்கும் நீளத் துளைகள் வழியாக அது போய்விட வேண்டும். துளை அடைத்தால் ‘சளக்’. ஈர்க்கால் குத்தினால் அரை பக்கெட் துருத்தண்ணீர் வரலாம், செருப்பைத் தள்ளி வையுங்கள்.

காலடி ஈரத்துக்குக் காரணம் வேறு. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். கதவுக்குள் வழிகிற தண்ணீர் கேபினுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ மாட்டும்போது இந்த ஷீட்டைக் கிழித்து எறிந்திருப்பார்கள். பழைய கார்களின் பின்சீட் ஈரத்துக்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். கனமான பாலிதீனை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள். ஷீட்டின் அடிமுனை கதவின் குழிக்குள் போய் இருக்க வேண்டும், கேபின் பக்கம் தொங்கினால் தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்குத்தான் வரும். செலவு நூறு, இருநூறு ரூபாய். பொறுமைதான் விலை.

கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் சரி. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது, அல்லது கதவு இறங்கியிருக்கிறது.

டிக்கியில் ஸ்டெப்னி தண்ணீரில் கிடக்கிறது

பின்விளக்குகளைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் கேஸ்கெட்டைப் பாருங்கள். இருபது வருடத்தில் அது பொடிப்பொடியாக உதிரும். புதுசு கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப் உருட்டி வைத்தால் போதும். அப்புறம் டிக்கி பீடிங், நம்பர் பிளேட் திருகுகள், பின் பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுப் போக்கிகள். ஸ்டெப்னி குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். காரணம் தெரியும் வரை அதைக் கழற்றி வைத்துத் தண்ணீரை வடியவிடலாம்.

தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் மட்டும் நனைகிறது

மேலே தேடாதீர்கள். தரைத் தகட்டில் உள்ள ரப்பர் மூடிகளில் ஒன்று விழுந்திருக்கிறது, அல்லது தரையே ஓட்டை. கார்பெட்டை எடுத்துவிட்டு, இரவில் வண்டிக்கு அடியில் விளக்கு வைத்து உள்ளிருந்து பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் டிங்கரிடம் போகிற நேரம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கதையே வேறு. ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்லுங்கள். அந்த மாதிரி வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கோடு சொல்லிவிடும்.

கூரைத் துணியில் டீக்கறை

ஆன்டெனா அடியில் உள்ள ரப்பர், கேரியர் போல்ட், அல்லது கூரை ஓரத்துப் பள்ளத்தில் வெடித்த சீலர். பழைய சீலரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெயின்ட் அடிக்கக்கூடிய பாலியூரிதேன் சீலர் போடுங்கள்.

காயவைப்பது

ஒழுகலை நிறுத்தியாயிற்று என்று கார்பெட்டை அப்படியே விட்டால் வேலை பாதியில் நிற்கிறது. மேலே கை வைத்தால் காய்ந்தது போல இருக்கும். அடியில் இருக்கும் தடித்த சணல் மெத்தை வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், அது தகட்டின்மேல்தான் படுத்திருக்கிறது. சீட் போல்ட்களைக் கழற்றி, கார்பெட்டையும் மெத்தையையும் மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைத் தொட வேண்டாம், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

பெயின்ட் கொப்புளித்திருக்கிறது

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்டைத் தூக்கிவிடுகிறது. கல் பட்டுக் கீறிய இடத்தில் பழுப்பாகத் தெரிந்தால் துரு வெளியிலிருந்து வந்தது, பெரும்பாலும் பயமில்லை. கதவு அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு போன்ற இடங்களில் பெயின்ட் கீறாமலே கொப்புளம் வந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்தால் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே போய்விட்டால் தகடு மாற்ற வேண்டும், நடுவில் வேறு வழி கிடையாது.

எதிர்க்கிற தகட்டுக்கு: கம்பி பிரஷ், அப்புறம் 80ஆம் நம்பர் எமரி. கொப்புளத்தைத் தாண்டி ஓர் அங்குலம் வரை, பளபளப்பான இரும்பு தெரியும் வரை தேயுங்கள். குழிகளில் மிஞ்சும் கறுப்புப் புள்ளிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர். டப்பாவில் போட்ட நேரத்துக்கு வைத்து, சொன்னபடி துடைத்துக் காயவிட வேண்டும். அதன்மேல் எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட். பட்டி தேவையென்றால் எபாக்சிக்கு மேலேதான். பட்டி ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பில் பார்த்த பட்டி ஒரு மழைக்காலம் தாண்டினால் அதிசயம். சாம்பல் நிற ப்ரைமரோடு ‘அடுத்த மாதம் பெயின்ட் அடிக்கலாம்’ என்று ஓட்டுவதும் அதே தப்பு. சாதாரண ப்ரைமர் தண்ணீரைத் தடுக்காது. கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு கேட்டோடு இருக்கட்டும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டுக்கு மூக்கில் கர்ச்சீப் போதாது. அதற்குரிய கெமிக்கல் மாஸ்க் இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மழை ஈரத்தில் பெயின்ட் வேலை வேண்டாம், வெள்ளை பூக்கும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவு அடியிலும் சக்கர வளைவிலும் ஒட்டாமல் விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான். என் வண்டியின் பின்சக்கர வளைவைத் தட்டியபோது பட்டிக்கு உள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள் வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கோ கொடுத்துச் செய்த வேலை. ராசிபலன் பக்கம்.

ஜாக்கி வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்

உடனே ஜாக்கியை இறக்குங்கள், வண்டிக்கு அடியில் கை கால் வைக்காதீர்கள். ரன்னிங் போர்டு போய்விட்டது. வண்டியின் பாரத்தைத் தாங்குகிற உறுப்பு அது, வெறும் அலங்காரம் இல்லை. அதன் அடியிலும் வடிகால் துளைகள் உண்டு. ‘அண்டர்பாடி கோட்டிங்’ என்ற பெயரில் கறுப்புத் தாரை அந்தத் துளைகளுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள், துருவின் மேலேயே. பளபளவென்று இருக்கும், இரண்டு வருடத்தில் தார்த் தோல் மட்டும் மிஞ்சும்.

பட்டறையில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்கிறார்களா? மேலே ஒட்டுப் போட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கிப் புதுத் தகட்டையும் சேர்த்துத் தின்னும். இரண்டு, சிஓடூ வெல்டிங்கா? கேஸ் வெல்டிங் சூடு சுற்றிலும் பரவித் தகட்டை நெளிக்கும், உள்பக்கப் பூச்சையும் எரிக்கும். மூன்று, வெல்டிங் முடிந்தபின் உள்பக்கத்துக்கு என்ன செய்யப் போகிறார்கள்? இணைப்பில் சீலர், உள்குழியில் நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே, கடைசியில் ஈர்க்குச்சியால் வடிகால் திறந்திருக்கிறதா என்று ஒரு சோதனை. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். கார்பெட், மெத்தை, பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் அகற்ற வேண்டும்.

அடியில் பழைய எஞ்சின் ஆயிலோ டீசலோ அடிப்பது நம் ஊரில் பழக்கம். துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், ஆனால் சஸ்பென்ஷன் புஷ்களை ஊதவைக்கும், ஓடுகிற வழியெல்லாம் சாலையில் வழியும். நான் விட்டுவிட்டேன்.

முன்கண்ணாடி கீழ்மூலையில் கொப்புளம்

இது என் சிலிகானின் பரிசு. வினிகர் வாசனை வருகிற சிலிகான், காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும். அது இரும்புக்கு ஆகாது. மேலே பெயின்டும் ஒட்டாது. ரப்பர் பீடிங்குக்குள் போன தண்ணீர் வெளியே வரவும் விடாது. இரண்டு வருடம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது மூலையில் விரல் நுழையும் அளவு ஓட்டை. கண்ணாடியைக் கழற்றாமல் இந்த இடத்தைச் சரிசெய்கிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பீடிங் வண்டியென்றால் புது பீடிங், ஒட்டுக் கண்ணாடியென்றால் முறையான யூரிதேன். அது இறுகும் வரை, பட்டறை சொல்கிற நேரத்துக்கு வண்டியை நகர்த்தாமல் விடுங்கள்.

கீழே படுத்துப் பார்க்கும்போது

பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாயில் துரு செதிலாக உரிந்தால் சுரண்டிப் பெயின்ட் அடிக்காதீர்கள், மாற்றுங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் மெம்பர் (குறுக்குச் சட்டம்), இந்த மூன்றில் ஓட்டை இருந்தால் தினசரி ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு ஒரு நல்ல டிங்கரைக் கூட்டிவந்து காட்டுங்கள். 15 வருடம் தாண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கிற வண்டி என்றால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இவை எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் முடித்துவிடுவேன். சென்னைக்கு வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் வரும். வேலை முடிந்தாலும் கார்பெட்டை உடனே போடுவதில்லை. முதல் பெரிய மழை வரை வெறும் தகட்டோடு, சத்தம் அதிகமாகத்தான் இருக்கும், அப்படியே ஆபீஸுக்கு ஓட்டுவேன். மழை விட்டதும் தரையில் விரலை வைத்துப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கார்பெட் உள்ளே போகும்.